சந்தன மரம் நட்டுத் தருகிறோம் என்று தேக்கா பக்கம் கூட்டம் போடுகிறவர்களிடம் உஷார்

ஊரில் நிலம் வைத்திருக்கும் சிங்கப்பூர்த் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். "உங்கள் நிலத்தில் சந்தனம் நட்டு, வெட்டும்வரை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு கும்பல் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு ஹோட்டல் அறை, பிரியாணிப் பொட்டலம், பெரிய திரையில் படங்கள். நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. போட்டாலும் பிரயோஜனமில்லை, அடுத்த கூட்டத்துக்குள் வேறு பெயர் வைத்துவிடுகிறார்கள்.

அப்பா காலமான பிறகு மன்னார்குடிப் பக்கம் ஒரு ஏக்கர் சொச்சம் என் பெயருக்கு வந்தது. தலைமுறையாக நெல் விளைந்த வயல். கூட்டத்தில் பேசியவர் என்னை வாய்க்கு வாய் அக்கா என்று கூப்பிட்டார். ஒரு சந்தனக் கட்டைத் துண்டை முகர்ந்து பாருங்கள் என்று வரிசையாகக் கையில் கொடுத்து அனுப்பினார். கட்டை என்னவோ அசல்தான். அப்புறம் திரையில் கணக்கு வந்தது: ஏக்கருக்கு 400 மரம், 12 வருஷத்தில் மரத்துக்கு 10 கிலோ வைரம் (மரத்தின் நடுவில் இருக்கும் வாசனைக் கட்டை), கிலோ 6,000 ரூபாய், ஆக 2 கோடியே 40 லட்சம். நட்டுக் கொடுக்க 9,000 சிங்கப்பூர் வெள்ளி, அதற்கு மேல் மாதம் 150 வெள்ளி பராமரிப்பு. நானும் நம்பிப் பணம் கட்டிவிட்டேன்.

இந்தக் கணக்கில் ஒரு கன்றுகூடச் சாகாது. நிஜத்தில் சந்தனத்துக்கு வைரம் பிடிக்க ஆரம்பிக்கவே சுமார் 10 வருஷம் ஆகும். அதுவும் மரத்துக்கு மரம் மாறும். பக்கத்துப் பக்கத்து மரங்களில் ஒன்றில் நன்றாக இருக்கும், இன்னொன்றில் பேருக்குத்தான் இருக்கும். வெளிப்பக்கத்து வெள்ளைக் கட்டையில் வாசனையே கிடையாது, எண்ணெயெல்லாம் உள்ளே இருக்கும் வைரத்தில்தான். நல்ல மரமாக வர 20, 30 வருஷம் விடவேண்டும் என்பார்கள் விஷயம் தெரிந்தவர்கள். வைரம் பிடித்துவிட்டால் மரத்தில் துளை போட்டுப் பார்த்துவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக அறுத்துக்கொண்டு போகத் திருடர்கள் வருவார்கள். காவலுக்கு ஆள், கம்பி வேலி, கேமரா எதுவும் திரையில் வந்த செலவுக் கணக்கில் இல்லை.

மண்ணுக்கு வருகிறேன். எங்கள் வயல் களிமண். ஐப்பசி, கார்த்திகையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். சந்தனம் தானாக வளரும் இடங்களை நினைத்துப் பாருங்கள்: ஜவ்வாது மலை, சத்தியமங்கலம், கேரளத்தில் மறையூர். எல்லாம் தண்ணீர் வடிந்து ஓடுகிற பூமி. வேரில் தண்ணீர் தேங்கினால் அந்த மரம் தாங்காது. மண் பரிசோதனை என்று 300 வெள்ளி தனியாக வாங்கினார்கள். வயலுக்கு யாரும் வந்து மண் எடுக்கவில்லை என்று சித்தப்பா சொல்கிறார். எனக்கு வந்த அறிக்கையில் மட்டும் 'சந்தனத்துக்கு மிகவும் ஏற்ற மண்' என்று இருந்தது.

மாதாமாதம் வாட்ஸ்அப்பில் படம் வரும். செழிப்பான கன்றுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் நம்பர் போட்ட மூங்கில் குச்சி. ஒருநாள் அந்தப் படத்தைச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "ஏம்மா, இது செம்மண்ணு. நம்ம ஊர்ல செம்மண்ணு எங்க இருக்கு? பின்னாடி பாறை வேற தெரியுது!" அவரே வயலுக்குப் போய் வீடியோ எடுத்து அனுப்பினார். மூங்கில் குச்சிகள் இருந்தன, நம்பரும் இருந்தது. கன்றுகள் பாதிக்கு மேல் வெறும் குச்சிகள். ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார். கறுப்புப் பாலிதீன் கவரைக்கூடக் கிழிக்காமல் அப்படியே குழியில் இறக்கியிருக்கிறார்கள். வேர் கவருக்குள்ளேயே சுருண்டு, அழுகிப்போய் இருந்தது.

இதைவிட ஒன்று இருக்கிறது. சந்தனம் தனியாக வளராது, அது பாதி ஒட்டுண்ணி. இலை பச்சையாக இருக்கும், தன் உணவைத் தானே கொஞ்சம் தயாரிக்கும். ஆனால் பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரை ஒட்டவைத்துத் தண்ணீரும் சத்தும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் நாற்றங்கால் கவரிலேயே கூடவே பொன்னாங்கண்ணி மாதிரி ஒரு செடி வைப்பார்கள். நட்ட பிறகு பக்கத்தில் துவரை, அகத்தி, அப்புறம் நீண்ட காலத்துக்குச் சவுக்கோ மலைவேம்போ. எங்கள் வயலில் துவரை, சவுக்கு எதுவும் கிடையாது. கவரோடு வந்த பொன்னாங்கண்ணியையும் அவர்கள் அனுப்பிய ஆட்களே களை என்று பறித்துப் போட்டுவிட்டார்கள். அந்தக் களையெடுப்புக்கு என்னிடம் பில் வந்தது. பணமும் கட்டியாகிவிட்டது.

'வெட்டும்போது நாங்களே மொத்தமாக வாங்கிக்கொள்கிறோம்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2002 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு பட்டா நிலத்துச் சந்தனம் நில உரிமையாளருக்குச் சொந்தம், உண்மைதான். ஆனால் வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்டவும் முடியாது, வண்டியில் ஏற்றவும் முடியாது. ஒரு தனியார் கம்பெனி லாரியோடு வந்து எடைபோட்டு எடுத்துக்கொண்டு போகிற சரக்கில்லை இது.

நிலம் இல்லாதவர்களுக்கும் அதே கூட்டத்தில் ஒரு திட்டம் வைத்திருந்தார்கள்: 10 சென்ட் வாங்குங்கள், அதில் 40 மரம் உங்களுடையது. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்களோ, ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) வைத்திருப்பவர்களோ இந்தியாவில் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ பொதுவாக விலைக்கு வாங்க முடியாது. அன்னியச் செலாவணிச் சட்டம் அப்படி. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருந்த தம்பி இதைக் கேட்டதற்கு, "மரச் சான்றிதழ் மட்டும் உங்கள் பெயரில் வரும்" என்றார்கள். பலரிடம் பணம் திரட்டி, மொத்தமாக நிர்வகித்து, லாபம் தருகிறேன் என்றால் அதற்கு இந்தியாவில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் பதிவு வேண்டும். இங்கே மக்களிடம் விற்கச் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிகள் இருக்கின்றன. ஆணையத்தின் இணையத்தளத்தில் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியல் இருக்கிறது, தேடிப் பாருங்கள். ஆனால் பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே சுத்தமான கம்பெனி என்று அர்த்தமில்லை.

வீடியோவை அனுப்பிக் கேட்டதும் அக்கா போய் மேடம் ஆனேன். "பருவமழை இயற்கைப் பேரிடர், ஒப்பந்தப்படி நாங்கள் பொறுப்பில்லை" என்று ஒரே பதில். டெல்டாவில் கார்த்திகை மாதம் மழை பெய்வது இவர்களுக்குப் பேரிடராம்! பணம் போனது ஒரு தனி ஆளின் பேநவ் (கைப்பேசியில் பணம் அனுப்பும் வசதி) எண்ணுக்கு. ரசீதில் இருப்பது இந்தியக் கம்பெனி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது மூன்றாவது ஒருவர். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும். ஆனால் யார்மேல் போடுவது என்பதே இங்கே குழப்பம். வேண்டுமென்றேதான் இப்படி மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இப்போதைக்கு இங்கே போலீஸ் புகார் கொடுத்திருக்கிறேன். ஊரில் சித்தப்பா மூலமாக ஒரு மனு போயிருக்கிறது.

சந்தனம் வளர்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஏற்ற மண்ணும், பக்கத்தில் இருந்து பார்க்க ஆளும் உள்ளவர்கள் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியிலோ, பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்திலோ கேட்டுவிட்டு இறங்கலாம். கன்று அப்படியொன்றும் விலை அதிகமில்லை.

அதே ஆள் இப்போது அகர் மரத்துக்குக் கூட்டம் போடுகிறார் என்று கேள்வி. ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் பேநவ் விவரம், ரசீது, அவர்கள் அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். ஊரில் யாரையாவது வயலுக்கு அனுப்பி, குச்சியில் உள்ள நம்பரோடு இன்றைய தேதியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கன்றைப் பிடுங்கிக் கவர் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.