திருகோணமலைக் கிராமங்களில் அரச வீட்டுக் கடன்: எது யாருக்குப் பொருந்தும்?

வீட்டுக் கடன் கேட்டுப் போனால் முதலில் சம்பளச் சிட்டையைத்தான் கேட்பார்கள். ஆனால் கடன் கிடைக்குமா, கிடைக்காதா என்பதைத் தீர்மானிப்பது காணிக் கடதாசி.

கந்தளாய், சேருவில பக்கக் குடியேற்றக் காணிகளில் பல, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் காணிகள். இவற்றைத் தனியார் வங்கிகள் ஈடாக எடுப்பதில்லை. அரச நிறுவனத்திடம் போனாலும் பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். பெர்மிட் தாத்தாவின் பேரில், அவர் காலமாகிவிட்டார், பின்னுரித்தாளர் (அவருக்குப் பின் காணி சேர வேண்டியவர்) பதியப்படவில்லை என்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அதைச் சரிப்படுத்தாமல் கடன் படிவத்தை நிரப்புவது வீண் அலைச்சல்.

சொந்தப் பேரில் உறுதி எழுதிய காணி என்றால் அரச ஈட்டு முதலீட்டு வங்கி நல்ல தெரிவு. உறுதி, நில அளவைப் படம், காணிப் பதிவகப் பிரதி, பிரதேச சபையின் வீதிக்கோட்டுச் சான்றிதழ், அனுமதி பெற்ற வீட்டுப் பிளான், செலவு மதிப்பீடு எல்லாம் கேட்பார்கள். காணி யார் யார் கைமாறி வந்தது என்ற உரித்துச் சங்கிலியை 30 வருடம் பின்னோக்கிப் பார்ப்பது வழக்கம். இடம்பெயர்வில் உறுதி தொலைந்த குடும்பங்கள், காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதியை முன்கூட்டியே எடுத்துவைப்பது நல்லது. பழைய ஈடு ஒன்று விடுவிக்கப்படாமல் பதிவில் கிடப்பதும் அப்போதுதான் தெரியவரும். சட்டத்தரணி கட்டணம், மதிப்பீட்டாளர் கட்டணம், காப்புறுதி எல்லாம் உங்கள் கையால் போகும். கடன் தொகையை வைத்துக் கணக்குப் போடும்போது இதை மறக்கிறவர்களே அதிகம்.

1979ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையின் கடன், பாதியில் நிற்கும் வீட்டை முடிக்கவும் கூரை மாற்றவும் உகந்தது. அத்திவாரத்திலிருந்து முழு வீட்டையும் அதை நம்பித் தொடங்கச் சொல்ல மாட்டோம். பணம் கட்டம் கட்டமாக வரும்: அத்திவாரம், லிண்டல் மட்டம், கூரை, பூச்சு. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்த பிறகே அடுத்த தவணை. அதுவரை சீமெந்துக் கடைக்கும் மேசனுக்கும் சொந்தக் காசுதான். கார்த்திகை, மார்கழி மாரியில் குழி தோண்டினால் கிண்ணியா, மூதூர்த் தாழ்நிலங்களில் தண்ணீர் நிற்கும். வேலை இழுபடும், தவணையும் இழுபடும். மாசிக்குப் பிறகு அத்திவாரம் போடுவது மாதிரி விண்ணப்பத்தை நகர்த்துங்கள். கரையோரத்தில் உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கொங்கிரீட் குழைக்க விடாதீர்கள். கம்பி துருப்பிடித்து, கடன் முடியுமுன்னே சிலாப் வெடிக்கும்.

தனியார் துறை ஊழியர்கள் கவனிக்காமல் விடுவது ஊழியர் சேமலாப நிதியை. அதில் உங்கள் பேரில் சேர்ந்திருக்கும் தொகையின் 75 சதவீதம் வரை பிணையாகக் காட்டி வீட்டுக் கடன் எடுக்கலாம். இதற்குச் சான்றிதழ் தருவது தொழில் திணைக்களம். ஆள்பிணைக்காக அரச உத்தியோகத்தர் வீட்டு வாசலில் நிற்கத் தேவையில்லை. எங்கள் கணிப்பில் மூன்றிலும் இதுதான் தலையிடி குறைந்தது. தவணை தவறினால் கட்டாத கடன் தொகை சேமலாப நிதியிலிருந்தே போகும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

எங்கு எடுத்தாலும் வட்டி குறைந்துசெல்லும் மீதிக்கா, முழுத் தொகைக்கா என்று கட்டாயம் கேளுங்கள். உதாரணமாக 10 இலட்சம், 12 சதவீதம், 10 வருடம். மீதிக்கு வட்டி என்றால் மாதம் சுமார் 14,347 ரூபாய். முழுத் தொகைக்கு என்றால் 18,333. விளம்பரத் துண்டில் இரண்டும் ஒரே 12 சதவீதம்தான்! முதல் மாதத் தவணை 14,347இல் 10,000 வட்டிக்கே போவதால், கையில் மேலதிகக் காசு வந்தால் ஆரம்ப வருடங்களில் கட்டுவதே இலாபம். அதற்கு முன், முற்கூட்டிக் கட்டினால் தண்டப்பணம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்.

கடைசித் தவணை கட்டியதும் உறுதியைத் திருப்பி வாங்கினால் மட்டும் போதாது. ஈடு விடுவிப்பையும் எழுதுவித்து, திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைக்குச் சீதனமாக எழுதப் போகும் நாளில் பழைய கடன் பதிவில் அப்படியே நிற்கும்.