கால் அங்குல ஃபுட்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

தையல் மிஷினில் ஊசிக்கு அடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை ஃபுட் என்போம். கால் அங்குல ஃபுட்டை நான் வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதன் வலப்பக்கத்தில் ஒரு சிறு தகடு உண்டு. துணியின் ஓரம் அந்தத் தகட்டை உரசிக்கொண்டே செல்ல, ஊசி கால் அங்குலம் தள்ளி இறங்கும். துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் ஒட்டுப்போர்வையின் கட்டங்களை அளவு பிசகாமல் தைக்க இது போதும் என்று நம்பித்தான் வாங்கினேன். நேராகத் தைப்பதில் அது இன்றுவரை குறை வைக்கவில்லை. அளவு சரியாக வருவதற்கு மட்டும் வேறு பழக்கங்கள் தேவைப்பட்டன.

நம் ஊர்த் தையற்காரர்கள் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்துப் பேசுவார்கள். அந்தக் கணக்கில் கால் அங்குலம் என்பது இரண்டு நூல். ரவிக்கையில் அரை நூல் கூடினாலும் குறைந்தாலும் பெரிதாகத் தெரியாது. ஆனால் எட்டுச் சதுரங்களை வரிசையாக இணைத்தால் ஏழு தையல்கள் வருகின்றன. ஒவ்வொரு தையலும் அரை நூல் உள்ளே தள்ளிப்போனால், இருபுறத் துணியிலும் சேர்த்து ஒரு நூல் குறைந்து, வரிசையின் முடிவில் ஏழு நூல் காணாமற்போகிறது. என் முதல் போர்வையின் வரிசைகள் ஒன்றோடொன்று சேராமற்போனது இதனால்தான். தையலை மடித்து இஸ்திரி போடும்போது மடிப்பும் ஓர் இழை கனத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே தகட்டை மட்டும் நம்பாமல் ஓர் இழை குறைத்தே தைக்க வேண்டும். நான் ஊசியைச் சற்று வலப்பக்கம் நகர்த்தி, அது ஃபுட்டில் இடிக்கிறதா என்று சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகே மிஷினை ஓட்டுகிறேன்.

புதுத் துணி எடுக்கும்போதெல்லாம் ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி இணைத்துப் பார்ப்பேன். நடுப்பட்டை சரியாக 1 அங்குலமும் மொத்த அகலம் மூன்றரை அங்குலமும் இருந்தால்தான் மேற்கொண்டு தைப்பேன்.

2005-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரைச் சுங்குடியில் கட்டங்கள் தைப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. அதன் புள்ளி வரிசைகள் தையலில் நேர்ந்த சிறு கோணலையும் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், கைப்பழக்கத்துக்கு அதைவிட நல்ல துணி எனக்குத் தெரியவில்லை. சுருக்கமும் சாயமும் போகும்வரை அலசி, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்த பின்னரே வெட்ட வேண்டும். கஞ்சியில்லாத மெல்லிய பருத்தி, முக்கோணங்களின் குறுக்கு ஓரத்தில் இழுபட்டு நீண்டுவிடுகிறது. தைத்து முடித்தபின் 4 அங்குலம் வரவேண்டிய இரட்டை முக்கோணக் கட்டத்துக்கு (இரண்டு முக்கோணங்களை இணைத்த சதுரம்), 4 அங்குலம் 7 நூல் சதுரங்களை வெட்டி, மூலைக்கு மூலை அறுக்க வேண்டும் என்பது கணக்கு. நானோ 5 அங்குலமாக வெட்டி, தைத்து, இஸ்திரி போட்டு, பிறகு ஓரத் தையல்களுக்குப் போகும் அரை அங்குலத்தையும் சேர்த்து நாலரை அங்குலத்துக்குச் செதுக்குகிறேன். துணி கொஞ்சம் வீணாகிறது. முனைகள் மழுங்காமல் நிற்கின்றன.

இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் அழுத்தி எடுக்க வேண்டும். அடுத்தடுத்த வரிசைகளின் மடிப்புகளை எதிரெதிர்ப் பக்கம் சாய்த்தால் மூலைகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும்.

குண்டூசிகளின் மேல் ஓட்டியதில் மூன்றாம் ஆண்டு தகடு வளைந்தது. வேறு ஃபுட் மாற்றினேன். ரோட்டரி கட்டரால் (உருளும் வட்டக் கத்தி) துணி வெட்டும்போது அடியில் போடும் அளவுக்கோடிட்ட விரிப்பு, சித்திரை வெயிலில் மாடியறைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்ததால் நெளிந்து, அதன் கோடுகள் பயனற்றுப் போயின. இப்போதுள்ள விரிப்பைக் கட்டிலுக்கு அடியில் தரையோடு தரையாகப் படுக்க வைத்திருக்கிறேன்.