ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே: மலிவாகக் கிடைத்தால் எதைப் பார்த்து வாங்குவது, எதை முதலில் மாற்றுவது

காட்டுப் பாதையில் ஓட்ட வண்டி வேண்டும், கையிருப்போ குறைவு என்றால் தேடல் பெரும்பாலும் செரோக்கியின் எக்ஸ்ஜே தலைமுறையில்தான் வந்து நிற்கும். 1984 முதல் 2001 வரை வந்த வண்டி. முன்னும் பின்னும் சாலிட் ஆக்சில் (இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே உறுதியான அச்சில் இணைப்பது), முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் பட்டை ஸ்பிரிங், 1987-இலிருந்து 4.0 லிட்டர் இன்லைன் ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். வீல்பேஸ் 2,576 மி.மீ. மட்டும்தான் என்பதால் குறுகலான வளைவில்கூடச் சுலபமாகத் திரும்பும். இந்த விலைக்கு இவ்வளவு திறமையான வண்டி வேறு அதிகம் இல்லை. ஆனால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்கென்றே சொன்ன மாதிரி பொருந்தும். எந்த எக்ஸ்ஜேயை வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்தச் சுமைகூலி கூடும், குறையும்.

இதற்குத் தனி சேஸ் கிடையாது. தரைத்தகட்டோடு அடியில் வெல்டிங் செய்த பெட்டி வடிவ ரெயில்கள்தான் சேஸ் வேலையைப் பார்க்கின்றன. மற்ற வண்டியில் பாடியில் துரு என்றால் அழகுக் குறை. இதில் அது முதுகெலும்பில் வந்த நோய். என்ஜினை மாற்றலாம், ஆக்சிலை மாற்றலாம், கியர்பாக்ஸை ஒரு நாளில் இறக்கி ஏற்றலாம். தகரம் போன எக்ஸ்ஜேயை மட்டும் விலை பேசாமல் விட்டுவிட்டு வர வேண்டும்.

ஆகவே பானெட்டைத் திறப்பதற்கு முன் கார்ப்பெட்டைத் தூக்குங்கள். கதவு வாசலின் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றினால் முன் கார்ப்பெட் எழுந்துவிடும். அடியிலுள்ள பஞ்சு ஈரமாக இருந்தால் தகட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல தகடு அசையாது. அரித்த தகடு பிஸ்கட் மாதிரி நொறுங்கும். ஓட்டுநரின் குதிகால் படும் இடமும் சீட் போல்ட்டைச் சுற்றியுள்ள இடமும்தான் முதலில் போகும். தரைத்தகட்டில் உள்ளங்கை அளவு ஓட்டை என்றால் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்துகொள்ளலாம், பயமில்லை. அடுத்து வண்டிக்குக் கீழே படுத்து, ரெயில்களை ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போங்கள். "டங்" என்று கேட்டால் சரி, "தொப்" என்றால் உள்ளே மண்ணும் துருவும் அடைந்திருக்கிறது. பட்டை ஸ்பிரிங்கின் முன் கண் மாட்டும் இடம், அதன் பின்முனையைத் தாங்கும் ஷேக்கிள் மாட்டும் பெட்டி, முன் ஆக்சிலை ரெயிலோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்மின் பிராக்கெட், ஸ்டியரிங் பாக்ஸ் பிடித்திருக்கும் ரெயில் ஆகிய நான்கும் கண்டிப்பு. ஸ்டியரிங் பாக்ஸின் போல்ட்டைச் சுற்றி ரெயிலில் கீறல் விடுவதுண்டு, பெரிய டயர் போட்டு ஓடிய வண்டியில் அதிகம். அடிப்பாகத்தில் புதிதாகக் கருப்புப் பெயிண்ட் பளபளத்தால் அதற்கு அடியில் பட்டி வைத்திருக்கிறார்களா என்று ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள்.

என்ஜினைப் பொறுத்தவரை 4.0-ஐத் தவிர வேறொன்றை நாட வேண்டாம். 2.5 லிட்டர் பெட்ரோல் உழைக்கும், ஆனால் பெரிய டயரை இழுக்கத் திணறும். விஎம் மோட்டோரியின் 2.5 டர்போ டீசலில் நான்கு சிலிண்டருக்கும் தனித்தனி ஹெட். ஒன்றின் கேஸ்கெட் போனாலே வேலை பெரிது.

4.0-ஐக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். பார்க்கப் போகும்போது பானெட் சூடாக இருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிரில் "டிக் டிக்" என்று அடித்து, சூடானதும் அடங்கிவிட்டால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கீறல். இந்த என்ஜினில் அது சகஜம், விலையைக் குறைக்க ஒரு காரணம் கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளலாம். நன்றாகச் சூடான பின் ஐடிலில் ஆயில் பிரஷர் 13 பிஎஸ்ஐக்குக் கீழே போகக் கூடாது. வெப்பமுள் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்பது இந்த என்ஜினுக்கு இயல்பு. ஏசி போட்டு இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடும்போது அதற்கு மேல் ஏறிக்கொண்டே போனால்தான் பிரச்சினை.

2000, 2001 மாடல்களில் 0331 எண் கொண்ட சிலிண்டர் ஹெட் வந்தது. 3, 4-ஆவது சிலிண்டர்களுக்கு நடுவே கீறல் விட்டு கூலன்ட் ஆயிலில் கலப்பது அதன் பேர்பெற்ற குறை. ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே வார்ப்பில் "டுபி" (TUPY) என்ற எழுத்துகள் தெரிந்தால் அது திருத்தப்பட்ட ஹெட், கவலை குறைவு. மூடியின் அடியில் மட்டும் லேசான வெள்ளை நுரை இருந்தால் குளிர் காலத்தில் குட்டி ஓட்டமாக ஓட்டியதாலும் வரும். டிப்ஸ்டிக்கிலும் பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் வாங்காதீர்கள்.

பின்பக்கம் ஆயில் சொட்டினால் எல்லோரும் ரியர் மெயின் சீல் (கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் சீல்) போய்விட்டது என்று தலையில் கை வைப்பார்கள். பாதி நேரம் குற்றவாளி மேலே இருக்கும் வால்வ் கவர் கேஸ்கெட் அல்லது ஆயில் ஃபில்டர் அடாப்டரின் ஓ-ரிங். எண்ணெய் கீழ்நோக்கி வழிந்து, என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலுள்ள பெல் ஹவுசிங்கில் சேர்வதால் வரும் குழப்பம் இது. துடைத்துவிட்டு, மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள். சீலே போயிருந்தாலும் அது இரண்டு துண்டு சீல், கியர்பாக்ஸை இறக்காமல் சம்ப்பை (என்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியை) கழற்றியே மாற்றிவிடலாம். சூடானதும் அணைந்து, ஆறியதும் ஸ்டார்ட் ஆகும் வண்டி என்றால் கிராங்க் சென்சாரைச் சந்தேகப்படுங்கள். பார்க்கில் ஸ்டார்ட் ஆகாமல் நியூட்ரலில் ஸ்டார்ட் ஆனால் நியூட்ரல் சேஃப்டி ஸ்விட்ச் அழுக்கு. இந்த இரண்டுக்கும் பயந்து விற்றவர்களிடம் நல்ல வண்டிகள் மலிவாகக் கிடைத்திருக்கின்றன.

ஏடபிள்யூ4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இந்த வண்டியின் சொத்து. மேனுவல்தான் வேண்டுமென்றால் 1987 முதல் 1989 நடுப்பகுதி வரை வந்த பெஜோ கியர்பாக்ஸை விட்டுவிட்டு, அதற்குப் பின் வந்த ஏஎக்ஸ்15 உள்ளதைத் தேடுங்கள். முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை மண் தரையில் 4-ஹை, 4-லோ (நான்கு சக்கர இழுவையின் வேக நிலை, மெது நிலை) இரண்டிலும் போட்டுப் பாருங்கள். என்பி231 என்ற டிரான்ஸ்ஃபர் கேஸ் பார்ட்-டைம் வகை (வழுக்கும் தரையில் மட்டும் நான்கு சக்கர இழுவை போட வேண்டியது), காய்ந்த தார்ச் சாலையில் 4-ஹை போட்டுத் திருப்பினால் அது முறுக்கிக்கொள்வதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். 1991 வரையிலான வண்டிகளில் முன் ஆக்சிலை வேக்குவம்தான் இணைக்கும். லீவர் விழுந்தும் முன் சக்கரம் இழுக்கவில்லை என்றால் வெடித்துப்போன வேக்குவம் குழாய்களைப் பாருங்கள்.

பின் ஆக்சில் எது என்பதை வண்டியின் பின்னால் குனிந்தே சொல்லிவிடலாம். டிஃபரன்ஷியல் மூடியின் கீழ் விளிம்பு தட்டையாக இருந்தால் கிரைஸ்லர் 8.25. நீள்வட்டமாக உருண்டிருந்தால் டானா 35. ஏபிஎஸ் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் டானா 35தான். 31 அங்குல டயர் வரைக்கும், லாக்கர் (இரு பக்கச் சக்கரங்களும் சேர்ந்தே சுழலும்படி பூட்டும் கருவி) போடாமல், ஆக்சிலரேட்டரில் காலை அடக்கி ஓட்டினால் டானா 35 தாங்கும். அதற்குள் காசைக் கொட்டி லாக்கர் போடுவது மட்டும் வீண். 1997 முதல் வந்த 8.25-இல் ஆக்சில் ஷாஃப்ட் 29 ஸ்ப்ளைன் (ஷாஃப்ட்டின் முனையிலுள்ள பற்கள்), அதற்கு முந்தையதில் 27. இரண்டு வண்டிகள் ஒரே விலையில் நின்றால் 29 ஸ்ப்ளைன் உள்ளதை எடுங்கள்.

சோதனை ஓட்டத்தில் மணிக்கு 70, 80 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளம் தட்டியதும் முன்பக்கம் முழுதும் பேய் பிடித்தது போல ஆடினால் அதைத்தான் டெத் வாபிள் என்கிறார்கள். ஸ்டியரிங் டாம்ப்பர் மாற்றினால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொல்வார். டாம்ப்பர் ஆட்டத்தை மூடி மறைக்கும், அவ்வளவுதான். வண்டியைத் தரையில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக ஆட்ட, மற்றவர் டிராக் பாரின் (முன் ஆக்சிலைக் குறுக்காக ரெயிலோடு இணைக்கும் கம்பி) ரெயில் பக்க ஜாயின்ட்டில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். பார் நகர்வதற்கு முன் ஜாயின்ட் "டக்" என்று நகர்ந்தால் காரணம் அதுதான். அதுவும் இறுக்கமாக இருந்தால் கன்ட்ரோல் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், வீல் பேலன்ஸ் என்று வரிசையாகப் போங்கள்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் அதை உயர்த்தும் லிஃப்ட் கிட் வாங்கக் கை துறுதுறுக்கும். அடக்குங்கள். முதல் செலவு ரேடியேட்டர், வாட்டர் பம்ப், 91 டிகிரி தெர்மோஸ்டாட், ஹோஸ்கள், ஃபேன் கிளட்ச். 4.0 எதையும் பொறுக்கும், சூட்டைப் பொறுக்காது. கூடவே என்ஜின் ஆயில் 5.7 லிட்டர், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில்), இரு டிஃபரன்ஷியலுக்கும் கியர் ஆயில். பழைய கியர் ஆயில் பாலாக வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. டிஃபரன்ஷியலுக்குக் காற்று போய்வரும் பிரீதர் குழாயை மேலே உயர்த்திக் கட்டுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஓடையிலும் இதே கதை. பிரேக், டை ராட், கிராஸ் ஜாயின்ட் ஆகியவற்றையும் இதே சுற்றில் முடித்துவிடலாம்.

பிறகு இழுவைக் கொக்கிகள். தனி சேஸ் இல்லாததால் ஒரு போல்ட்டில் மாட்டிய கொக்கி தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். ரெயிலில் பல போல்ட்களில் பிடிக்கும் பிராக்கெட்டோடு மாட்டுங்கள். டிரெய்லர் பந்தில் கயிறு கட்டி இழுக்கவே கூடாது, உடைந்தால் அது குண்டாகப் பறந்து வரும். டயரில் 235/75 ஆர்15 போட்டால் லிஃப்ட் இல்லாமலே பொருந்தும். நல்ல ஆல்-டெரெய்ன் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கி ஓட்டினாலே முக்கால்வாசிப் பாதைகள் முடிந்துவிடும்.

அதற்கு மேலும் வேண்டுமென்றால் 3 அங்குல லிஃப்ட்டும் 31x10.5 ஆர்15 டயரும். இந்த வண்டிக்கு இதுதான் அளவான உயரம். பின்னால் ஒரு பட்டை சேர்ப்பதைவிட முழுப் பட்டைத் தொகுதியையே மாற்றுவது நல்லது, பழையது ஏற்கெனவே தட்டையாகியிருக்கும். வேலையில் மாட்டிக்கொள்ளும் இடம் இரண்டு: பின் ஷாக்கின் மேல் போல்ட்கள், பட்டையின் முன் கண் போல்ட். இரண்டும் ரெயிலுக்குள்ளோ தகட்டுக்குப் பின்னாலோ வெல்டிங் செய்த நட்டில் ஏறுகின்றன. துருவேறியதை அவசரத்தில் திருகினால் போல்ட் முறியும், அல்லது நட் உள்ளே கழன்று சுற்றும். அப்புறம் தகட்டை வெட்டித்தான் கையை நுழைக்க வேண்டும். மூன்று நாள் முன்பிருந்தே தினமும் துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். கழற்றும்போது கால் சுற்று தளர்த்தி, திரும்ப இறுக்கி, மீண்டும் தளர்த்துங்கள். புஷ் உள்ள போல்ட்கள் எல்லாவற்றையும் வண்டி சக்கரத்தில் நின்ற பிறகே கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

உயர்த்தியதும் முன் ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்து நிற்கும், அதற்கு நீளம் மாற்றக்கூடிய டிராக் பார். திருப்பும்போது டயர் கன்ட்ரோல் ஆர்மில் உரசினால் ஸ்டியரிங் ஸ்டாப் போல்ட்டில் வாஷர் சேருங்கள். வேகத்தில் பின்னாலிருந்து அதிர்வு வந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் ஏறிவிட்டது. டிரான்ஸ்ஃபர் கேஸின் குறுக்குச் சட்டத்தை ஒரு அங்குலம் இறக்குவது மலிவு வழி, தரை இடைவெளி அந்த அளவுக்குக் குறையும். டிரான்ஸ்ஃபர் கேஸின் வாலில் முன்னும் பின்னும் நழுவும் ஸ்லிப் யோக்கை எடுத்துவிட்டு இரட்டை கிராஸ் ஷாஃப்ட் போடுவது சரியான வழி. ஆனால் அப்போது பினியன் மூக்கை (பின் ஆக்சிலில் ஷாஃப்ட் மாட்டும் முனையை) டிரான்ஸ்ஃபர் கேஸை நோக்கித் தூக்கி வைக்க வேண்டும், பழைய கோணத்திலேயே விட்டால் அதிர்வு போகாது.

225/75 ஆர்15-இலிருந்து 31 அங்குல டயருக்குப் போனால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 109-ஐத் தாண்டி ஓடும். டிரான்ஸ்ஃபர் கேஸின் வாலில் சொருகியிருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரத்தை மாற்றினால் சரி, பத்து நிமிட வேலை. ஆட்டோமேட்டிக் வண்டியின் 3.55 ஆக்சில் ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்று சுற்ற பினியன் சுற்றும் எண்ணிக்கை) 3.24 போல நடந்துகொள்ளும், சமாளிக்கலாம். மேனுவலின் 3.07 அப்படியல்ல, 2.80 ஆக இறங்கி மேட்டில் கிளட்ச்சைத் தின்னும். அதற்குப் புதிய கிரவுன்-பினியன் வாங்கிப் பொருத்துவதைவிட, உடைப்புக்கு வந்த 2.5 லிட்டர் எக்ஸ்ஜேயின் இரண்டு ஆக்சில்களையும் அப்படியே எடுப்பது மலிவு, அவற்றில் பெரும்பாலும் 4.10 இருக்கும். பின்னது டானா 35 ஆகவே வரலாம், அதைப் பார்த்து எடுங்கள். எண்ணிப் பார்க்காமலும் எடுக்காதீர்கள்: ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்து, மற்றதை இரண்டு முழுச் சுற்று சுற்றினால் பினியன் நான்கு சுற்றுக்குச் சற்று மேல் சுற்ற வேண்டும். முன் ஆக்சிலிலும் இதே எண்ணிக்கை வராவிட்டால் அந்த ஜோடியை வாங்காதீர்கள். 4-ஹை போட்ட முதல் நாளே டிரான்ஸ்ஃபர் கேஸின் செயினோ ஆக்சிலோ போய்விடும்.