கானாடுகாத்தான் ஹோம்ஸ்டேல மாசாமாசம் நடக்குற பேச்சு, போய்ட்டு வந்து எழுதுறேன்

கானாடுகாத்தான்ல ஒரு பழைய செட்டியார் வீட்டை ஹோம்ஸ்டேயா நடத்துறாங்க, அங்க தங்கணும்னு இல்ல, மாசம் ஒருதடவ வளவுல, அதாவது வீட்டு நடு முத்தத்துல, ஒரு பேச்சு வச்சு அது முடிஞ்சதும் பந்தி போடுறாங்க, ரெண்டுக்கும் சேத்து தலைக்கு 650 ரூபா. இந்த மாசம் பேசுனது ஒரு மலேசியா அம்மா, அவங்க தாத்தா தேவகோட்டைலேருந்து பினாங்குக்கு கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி தொழில் பண்ண, போனவராம். இவங்க லண்டன்ல இருந்துக்கிட்டே சொந்த நாட்டு ஊழலை எதுத்து வருஷக்கணக்கா பேசுனவங்க, 2018ல ஆட்சி மாறுற வரைக்கும் ஊர்ப்பக்கமே போக முடியல.

"அங்கன பத்திரமா உக்காந்துக்கிட்டு யாரு வேணா பேசலாம்ணே"னு எம் பக்கத்துல ஒருத்தர் ஆரம்பத்துலயே முணுமுணுத்தார். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. ஆனா அந்தம்மா ஒரு இடத்துலகூட சத்தம் போடல, எடுத்ததுமே கணக்குதான். 1எம்டிபிங்கிற அரசாங்க முதலீட்டு கம்பெனிலேருந்து 450 கோடி டாலர் போயிருக்குன்னு அமெரிக்க நீதித்துறை சொன்னது, அப்ப பிரதமரா இருந்த நஜிப்போட சொந்த அக்கவுண்ட்டுக்கு கிட்டத்தட்ட 70 கோடி டாலர் வந்த விஷயம் 2015 ஜூலைல பேப்பர்ல வந்தது, அவர் அதை நன்கொடைன்னு சொன்னது, அதே மாசம் அட்டர்னி ஜெனரலையும் துணைப் பிரதமரையும் தூக்குனது, எல்லாத்தையும் பேரேடு வாசிக்கிற மாதிரி வரிசையா சொன்னாங்க. எங்க ஊரு பெரியவங்க அப்பதான் நிமிந்து உக்காந்தாங்க.

ஒரு மஞ்சள் டீஷர்ட்டை எடுத்து விரிச்சு காட்டுனாங்க, பெர்சே 4ன்னு போட்டது, பெர்சேங்கிறது நேர்மையான தேர்தல் கேட்டு மலேசியால ஊர்வலம் நடத்துற இயக்கம், கழுத்துப்பட்டி நைஞ்சு போச்சு. 2015 ஆகஸ்ட்ல அவங்களோட நாலாவது ஊர்வலத்துக்கு முன்னாடி அந்த சட்டையையே அரசாங்கம் தடை பண்ணிருச்சு. இவங்க அதை மாட்டிக்கிட்டு லண்டன்ல பெல்கிரேவ் சதுக்கத்துல மலேசிய தூதரகத்து வாசல்ல நின்னவங்க. அந்த போட்டோ வெளிய வந்ததும் ஊர்ல அரசாங்க வேலைல இருந்த தம்பி "அக்கா இனிமே எனக்கு போன் பண்ணாதீங்க"ன்னுட்டாராம். பத்திரமா உக்காந்து பேசுறதுன்னு சொல்றவங்க இதையும் கணக்குல சேக்கணும், வெளிய இருந்து பேசுறவங்க கட்டுற விலைல பாதிய ஊர்ல இருக்க சொந்தக்காரங்கதான் கட்டுறாங்க.

மலேசியாவோட சரவாக் மாநிலத்துல பொறந்த பத்திரிகைக்காரங்க கிளேர் ரூகாசில் பிரவுன் பத்தியும் சொன்னாங்க, லண்டன்லேருந்து சரவாக் கிராமங்களுக்கு அங்க உள்ள பழங்குடி மக்களோட இபான் மொழில சிற்றலை ரேடியோ நடத்துனவங்க, 2015ல மலேசியா அவங்க மேல வாரண்ட் போட்டும் இண்டர்போல் கண்டுக்கல.

எனக்கு ரொம்ப பிடிச்சது 2018 மே 9 எலெக்சன் கதை. வெளிநாட்டுல இருந்தவங்களுக்கு தபால் ஓட்டுச்சீட்டு லேட்டா வந்து சேந்துச்சு, திருப்பி தபால்ல போட்டா நேரத்துக்கு போகாது, அதனால அன்னைக்கு ஊருக்கு ப்ளைட் ஏறுற முன்னபின்ன தெரியாத ஆளுங்க கையில ஏர்போர்ட்ல வச்சு ஓட்டுக் கவரை குடுத்துவிட்டிருக்காங்க, அவங்களும் கொண்டுபோய் சேத்திருக்காங்க. உண்டியல் சீட்டை, அதாவது பணம் குடுக்கச் சொல்லி எழுதுற துண்டுச்சீட்டை, நம்பியே பினாங்குக்கும் ரங்கூனுக்கும் பணம் அனுப்புன ஊர்ல இதைக் கேக்க எப்படி இருந்திருக்கும். நஜிப் 2022 ஆகஸ்ட்ல ஜெயிலுக்கு போனார், 12 வருஷ தண்டனை 2024ல பாதியா குறைஞ்சதையும் அந்தம்மா மறைக்காம சொன்னாங்க.

குறைன்னா மைக் மோசம். வளவுல எதிரொலிச்சு பின்வரிசைக்கு பாதி புரியல. அதைவிட, கேள்வி நேரத்தை பத்தே நிமிஷத்துல முடிச்சு "எலை போட்டாச்சு, வாங்க"ன்னு கூப்புட்டது சரியில்ல. ஒரு காலேஜ் பொண்ணு, இந்த ஊழல் பத்தின ஆவணம் உண்மைதானான்னு நீங்க எப்படி பாத்தீங்கன்னு அருமையா கேட்டுச்சு, பதில் பாதிலயே நின்னுபோச்சு.

சாப்பாடு ஆச்சி கைப்பக்குவம், வெள்ளைப் பணியாரம் வரமொளகா தொவையலோட, கடைசில கவுணி அரிசி. ரங்கூன் புட்டுல மட்டும் இனிப்பு தூக்கல்.

போறவங்க முன்னாடியே போன் பண்ணி எடம் சொல்லிட்டு போங்க, தூணோரமா முன்வரிசைல உக்காருங்க, திரும்பி வர பஸ் கெடைக்காது, வண்டி வச்சுக்கிட்டா நல்லது.