ஐந்து வெள்ளாமை கொட்டைமுத்து போட்ட பிறகு

போன வாரம் மனைவியின் தம்பி திருத்துறைப்பூண்டியிலிருந்து கூப்பிட்டான். "அத்தான், இங்க ஒருத்தர் கொட்டைமுத்து போடலாம்னு சொல்றார். தண்ணியும் கம்மி, செலவும் கம்மியாம். நீங்கதான் ரொம்ப நாளா போடுறீங்களே, நான் ரெண்டு ஏக்கர் போடட்டுமா?" ஆமணக்கைத்தான் எங்கள் பக்கம் கொட்டைமுத்து என்போம், விளக்கெண்ணெய் எடுக்கிற பயிர்.

அவன் கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் வியாபாரி வந்து, போன தடவை கொடுத்த விலையில் கிலோவுக்கு 7 ரூபாய் குறைத்து எடை போட்டுக்கொண்டு போயிருந்தார். "அப்புறம் கூப்பிடுறேன் மாப்பிள்ளை" என்று வைத்துவிட்டேன். அந்தக் கோபத்தில் பேசினால் பயிரின் மேல் இல்லாத பழியைப் போட்டுவிடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அவனைப் போலக் கேட்கும் மற்றவர்களுக்கும் ஆகும்.

எங்கள் கொல்லை ஒரத்தநாட்டுப் பக்கம். புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாய்ப் பாசனம் எட்டாத மேடு, செம்மண், போர்வெல் தண்ணீர். முன்பு முழுக்கத் தென்னை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்து போனபோது ஒன்பது மரம் நின்றது, மற்றதெல்லாம் சாய்ந்துவிட்டது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் எல்லோருக்கும் இதே கதைதான். மரங்களை அறுத்து அப்புறப்படுத்தவே ஒரு வருஷம் போனது. பிறகு 25 அடிக்கு ஒரு தென்னம்பிள்ளை வைத்தோம். பிள்ளை காய்க்கிற வரைக்கும் நடுவில் கிடக்கிற வெயில் பூமியை என்ன செய்வது? கடலை போட்டோம், மயில் கிளறித் தின்றது. உளுந்து போட்டோம், ஆட்டைக் காவல் காக்க முடியவில்லை. அப்படித்தான் கொட்டைமுத்துக்கு வந்தோம். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தின் வீரிய ஒட்டு ரகம், ஏக்கருக்கு 2 கிலோ விதை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மயில் திரும்பிப் பார்க்கவில்லை. ஆடு இலையை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிட்டது. வேர் ஆழமாக இறங்கிவிட்டால் பதினைந்து நாளைக்கு ஒரு தண்ணீர் போதும். போர் மோட்டார் எரிந்து பன்னிரண்டு நாள் கிடந்தபோது தென்னம்பிள்ளைதான் வாடியது, கொட்டைமுத்து தலையைத் தொங்கப்போட்டுவிட்டுச் சாயங்காலம் நிமிர்ந்துகொண்டது. இதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

என் குறையெல்லாம் அறுவடையில். இந்தப் பயிருக்கு அறுவடை என்று ஒரு நாள் கிடையாது.

நெல்லுக்குப் பழகிய நம் ஆட்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும். சம்பா முற்றியது என்றால் அறுவடை செய்கிற பெல்ட் வண்டிக்குச் சொல்கிறோம். வந்தான், ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கரை முடித்தான், போனான். வயல் காலி, மனசும் காலி. கொட்டைமுத்து அப்படி விடாது. நடுத்தண்டின் உச்சியில் முதல் குலை ஏறக்குறைய நூறு நாளில் முற்றும். அதற்குக் கீழே கிளைத்த கிளைகளில் இரண்டாம் குலைகள் ஒரு மாதம் கழித்து. அந்தக் கிளைகளிலிருந்து பிரிந்ததில் மூன்றாம் குலைகள் அதற்கும் ஒரு மாதம் கழித்து. அதுவும் எல்லாச் செடியும் ஒரே நாளில் முற்றாது. ஒரே செடியில் மேலே காய்ந்த குலை, பக்கத்தில் பச்சைக் குலை, கீழே அப்போதுதான் சிவப்பு முடி நீட்டும் பூ. ஒவ்வொரு குலையாகப் பார்த்து, இரண்டு மூன்று காய் பழுப்பேறியிருக்கிறதா என்று தடவி, இது இன்றைக்கு, அது அடுத்த வாரத்துக்கு என்று பிரித்து வெட்ட வேண்டும். இதற்கு மெஷின் கிடையாது. கண் வேண்டும், கை வேண்டும், பொறுமை வேண்டும்.

பங்குனியில் தொடங்கினால் ஆனி வரைக்கும் ஓடுகிறது. இப்போது மேட்டூர் அணை திறந்து, ஆற்றில் தண்ணீர் வந்து, கீழ்வயல்காரர்கள் குறுவை நட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் இன்னும் மார்கழியில் விதைத்த செடியிலேயே குலை தடவிக்கொண்டிருக்கிறேன். கல்யாணம், காது குத்து, குலதெய்வம் கோயில், எதற்குப் போனாலும் முற்றிய குலை வெடித்துக் கொட்டிவிடுமே என்ற நினைப்பு கூடவே வரும். பெரிய வேலை கிடையாது, ஆனால் முடியாத வேலை. ஒரு ஆளுக்கு முழுநாள் கூலி கொடுக்கிற அளவுக்கும் இருக்காது, நாமே செய்து முடிக்கிற அளவுக்கும் இருக்காது. அரைநாள் வேலைக்கு யார் வருவார்கள்? நானும் என் மனைவியும்தான். காயில் இருக்கும் முள் மென்மையானது என்று படித்தவர்கள் சொல்வார்கள். பச்சையில் மென்மைதான். காய்ந்த குலையை இருபது முறை பிடித்துப் பாருங்கள், விரல் நுனியெல்லாம் சொரசொரவென்று ஆகிவிடும். அந்தக் கையோடு புளிக்கரைசல் தொட்டால் எரியும்.

ஆனாலும் களத்தில் அதைக் காயப்போடுகிற நான்கு நாட்கள் எனக்குப் பிடிக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும். தார்ப்பாயில் பரப்பிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால், பதினொரு மணி வெயில் ஏற ஏறக் காய் ஒவ்வொன்றாக வெடிக்கும். பட்டென்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, பிறகு மூலையில் இன்னொரு பட். உச்சி வெயிலில் நிற்காமல் கேட்கும். ஒரு காய்க்கு மூன்று அறை, அறைக்கு ஒரு கொட்டை. எண்ணெய் தடவியது போல மினுமினுவென்று, பழுப்பில் வெள்ளைக் கோடும் புள்ளியுமாக, இரத்தம் குடித்து ஊதிய உண்ணி போலவே இருக்கும். என் பேத்தி அதைப் பார்த்துவிட்டுக் கையில் அள்ள ஓடி வந்தாள். அதட்டித்தான் தடுத்தேன். கொட்டையில் விஷம் இருக்கிறது, குழந்தை ஒன்றிரண்டைக் கடித்து மென்றாலே ஆபத்து. எண்ணெயில் அந்த விஷம் இறங்காது, புண்ணாக்கில் தங்கிவிடும். மாடு கன்று இருக்கிற வீட்டில் களத்தைச் சுற்றி வேலி போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை.

முதல் வருஷத்துக் கதையையும் சொல்லிவிட வேண்டும், மாப்பிள்ளைக்கு அதுதான் முக்கியம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. சேலம், நாமக்கல் மானாவாரியில் ஆடியில்தான் ஆமணக்கு விதைக்கிறார்கள். நானும் 2020 ஆடியில் விதைத்தேன். செடி ஆள் உயரம் வந்து ஐப்பசி கார்த்திகையில் முதல் குலை திரண்டு நின்றது. அப்போது நிவர் புயல் மழை, அது ஓய்ந்து ஒரு வாரத்தில் புரெவிப் புயல் மழை. வெயிலே காணோம். ஒரு காலையில் போய்ப் பார்த்தால் குலையின் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு ஒட்டியது போல இருந்தது. விரலால் தொட்டேன், காய் கூழாகிக் கையோடு வந்தது. மூன்று நாளில் கொல்லை முழுக்கப் பரவி, முதல் குலை மொத்தமும் போய்விட்டது. அந்தச் சாம்பல் பூஞ்சணத்துக்கு ஈரமும் குளிர்ச்சியும் தொடர்ந்து கிடைத்தால் போதும், மருந்து அடித்தாலும் மழை கழுவிவிடும். தவறு பயிரின் மேல் இல்லை. சேலத்துக்குச் சரியான பட்டத்தை நான் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற ஊருக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். அடுத்த வருஷத்திலிருந்து மழை ஓய்ந்து மார்கழியில்தான் விதை போடுகிறேன். குலை பங்குனி வெயிலில் முற்றுகிறது, பூஞ்சணம் எட்டிப் பார்ப்பதில்லை. கோடை மழை ஒன்றிரண்டு வந்தால் தார்ப்பாயை மடித்து ஓட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது தவறு மூன்றாம் வருஷத்தில். விதைக் காசை மிச்சம் பிடிக்க, நம் களத்துக் கொட்டையிலேயே பொறுக்கி எடுத்து விதைத்தேன். நெல்லில் அப்படித்தானே செய்கிறோம். வீரிய ஒட்டில் அது நடக்காது. ஒரு செடி இடுப்பளவு, ஒரு செடி கூரையளவு, ஒன்றில் நீளக் குலை, இன்னொன்றில் குலை நெடுக ஆண்பூ, காய் நாலோ ஐந்தோ. விளைச்சல் பாதிக்கும் கீழே போனது. சரியான விதை போட்ட வருஷங்களில், தென்னம்பிள்ளைக்கு இடம் விட்டு நட்டும், நான்கு வெட்டும் சேர்த்து ஏக்கருக்கு 600 கிலோவை ஒட்டி எடுத்திருக்கிறேன். இது என் கொல்லைக் கணக்கு.

அப்புறம் விற்பனை. விலை எங்கள் கையிலும் இல்லை, இந்த வியாபாரி கையிலும் இல்லை என்பது எனக்குத் தெரியும். இந்தியாவில் விளையும் ஆமணக்கில் 80 சதவீதத்துக்கு மேல் குஜராத்தில் விளைகிறது. அங்கே மழை எப்படி, எத்தனை பேர் பருத்தியை விட்டு இதற்கு வந்தார்கள், வெளிநாட்டுக்காரன் எவ்வளவு எண்ணெய் கேட்டான் என்பதெல்லாம் சேர்ந்துதான் ஒரத்தநாட்டுக் களத்தில் என் மூட்டைக்கு விலை ஆகிறது. நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் இருக்கிறது, ஈரம் அது இது என்று காக்க வைத்தாலும் விலை என்னவென்று முன்கூட்டியே தெரியும். கடலை, எள், சூரியகாந்திக்கெல்லாம் ஆதரவு விலை அறிவிக்கிறார்கள். அந்தப் பட்டியலில் ஆமணக்கு கிடையாது. எங்கள் பக்கம் வாங்குகிறவர் ஒரே ஒருவர், அவரும் சேலத்துக்கு லாரி அனுப்புகிற அன்றைக்குத்தான் வருவார். வேண்டாம் என்றால் அடுத்த ஆளுக்கு எங்கே போவது? குலை குலையாக வெட்டுவதால் மூட்டையும் ஒன்று இரண்டாகத்தான் சேரும். மொத்தமாகச் சேர்த்து வைத்துப் பேரம் பேசலாம் என்றால் நான்கு மாதம் காத்திருக்க வேண்டும்.

சரி, நாமே ஆட்டி எண்ணெயாக விற்போம் என்று ஊர்ச் செக்குக்குக் கொண்டுபோனேன். செக்குக்காரர் மூட்டையை இறக்கவே விடவில்லை. அவர் சொன்னது நியாயம். கடலையும் எள்ளும் ஆட்டுகிற செக்கில் இதை ஆட்டினால், அடுத்து விழும் புண்ணாக்கில் கலந்து யார் வீட்டு மாடாவது செத்துப்போகும். அதனால் வீட்டுக்கு மட்டும் அம்மா பழைய முறையில் காய்ச்சுகிறார். கொட்டையை வறுத்து, உரலில் இடித்து, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, மேலே மிதக்கிற எண்ணெயைக் கரண்டியால் வழித்து, ஈரம் சுண்டும் வரைக்கும் மறுபடியும் காய்ச்சி எடுப்பார். உரலில் இடிக்கும்போது எழும் வாசனைக்குத் தெருவே எட்டிப் பார்க்கும். துவரம் பருப்பு வேகும்போது இரண்டு சொட்டு, உளுந்தும் பயறும் கட்டி வைக்கும்போது ஒரு பூச்சு. இந்த எண்ணெய் தடவிய பயறில் வண்டு விழுந்து நான் பார்த்ததில்லை. மாட்டு வண்டி அச்சுக்கு மை போடவும் அப்பா காலத்தில் இதுதான், வைக்கோல் கரியோடு குழைத்து. கடையில் வாங்கும் எண்ணெய் இந்தக் கெட்டியில் இருப்பதில்லை.

இனி சொல்வதை நான் எதிர்பார்க்கவே இல்லை. நான்காம் வருஷம் விதை கொஞ்சம் மிஞ்சியது. கீழ்வயலில் நெல்லுக்கு அடுத்து வரும் தரிசு உளுந்தைச் சுற்றி, வரப்பில் ஆறடிக்கு ஒன்றாக ஊன்றிவைத்தேன். இலை தின்னும் புரோடீனியா புழுவின் தாய் அந்துப்பூச்சிக்கு உளுந்தைவிட இந்த அகல இலைதான் பிடித்திருக்கிறது. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பழுப்பு ரோமம் மூடிய முட்டைக் குவியல். பார்க்கத் தவறினாலும் பரவாயில்லை, பொரித்த குஞ்சுப் புழுக்கள் கூட்டமாக இலையைச் சுரண்டி, நரம்பு மட்டும் மிஞ்சிய வலைபோல ஆக்கிவைக்கும், வரப்பில் நடந்து போகும்போதே தெரியும். அந்த இலையைக் கிள்ளி மண்ணெண்ணெய்த் தண்ணீரில் போட்டால் நூற்றுக்கணக்கில் போகும். வாரத்தில் இரண்டு காலை, வரப்பைச் சுற்றி ஒரு நடை. அந்த வருஷம் உளுந்துக்கு நான் ஒரு தடவைகூட மருந்து அடிக்கவில்லை. பக்கத்து வயலில் மூன்று தடவை அடித்தார்கள். காவடிப் புழு ஆமணக்கு இலையைத் தின்னத்தான் செய்தது, தின்றுவிட்டுப் போகட்டும், உளுந்து தப்பித்தது. அந்தச் செடிகளில் காய்த்த குலையை நேரம் கிடைத்தபோது வெட்டினேன், விட்டாலும் நஷ்டமில்லை. அந்த நடையில்தான் இந்தச் செடியின் மேல் இருந்த எரிச்சலெல்லாம் எனக்கு இறங்கியது.

கொல்லைத் தென்னைக்கும் ஒரு உதவி. ஆமணக்குப் புண்ணாக்கு ஒரு கிலோவை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து மண்பானையில் அங்கங்கே வைத்தால், அந்தப் புளித்த வாடைக்குக் காண்டாமிருக வண்டு வந்து விழுகிறது. கஜாவுக்குப் பிறகு சாய்ந்து மக்கிய மரங்களில் பெருகிய வண்டு, இளம்பிள்ளையின் குருத்தைக் குடைந்து எங்களை அழவைத்தது. பானையில் காலையில் நாலைந்து கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே நிம்மதி.

இவ்வளவு சொன்னவன் என்ன சொல்லப் போகிறேன் என்று மாப்பிள்ளை காத்திருப்பான். வேண்டாம். உன் இரண்டு ஏக்கரில் போடாதே. உன்னுடையது களிமண், ஒரு மழைக்கு ஒரு வாரம் தண்ணீர் நிற்கும், கொட்டைமுத்து வேர் இரண்டு நாள் நீரில் நின்றாலே அழுகும். உன் ஊரிலிருந்து வாங்குகிற ஆளும் எனக்குத் தெரிந்து இல்லை. நீயும் மாதத்தில் பாதி நாள் வெளியூர், முற்றிய குலை உனக்காகக் காத்திருக்காது.

நான் இதை விடப்போகிறேன் என்று அக்கா உன்னிடம் சொல்லியிருப்பாள். அப்படித்தான் போன வாரம் சொன்னேன். ஆனால் தென்னம்பிள்ளை இன்னும் இரண்டு வருஷத்தில் நிழல் மூடிவிடும், அதுவரைக்கும் போடுவேன். மார்கழிக்கு விதை வேண்டும் என்று ஏத்தாப்பூருக்குப் போகும் ஒருவரிடம் நேற்றே சொல்லிவிட்டேன்.

வரப்புக்கு மட்டும் நீ கட்டாயம் போடு. தையில் உளுந்து தெளிக்கிற அன்றைக்கே ஊன்றிவிடு, தண்ணீர் நிற்காத உயரத்தில். அதற்கு ஒட்டு ரகம் தேவையில்லை, குட்டையோ நெட்டையோ இலை அகலமாக வந்தால் போதும். களத்தில் சிதறியதைக் கூட்டி ஒரு படி பொறுக்கி வைத்திருக்கிறேன். அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கொண்டு போ. பையைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் மாட்டு.