கை ரிஃப்ராக்டோமீட்டர்: இறால் குளத்துக்குப் போதும், ஹேச்சரிக்கு?

நீரின் உப்பை 0 முதல் 100 பிபிடி (ஆயிரத்தில் எத்தனை பங்கு உப்பு) வரை அளக்கும், ஏடிசி (வெப்பத்துக்கேற்ப அளவைத் தானே திருத்தும்) வசதியுள்ள கை ரிஃப்ராக்டோமீட்டர் இரண்டு மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. பல பெயர்களில் விற்றாலும் அமைப்பு ஒன்றுதான்: சாய்ந்த கண்ணாடிப் பட்டகம், அதை மூடும் பிளாஸ்டிக் தகடு, திருத்தும் திருகு, கண் வைத்துப் பார்க்கும் குழாய். வனாமி இறால் வளர்க்கும் பெரும்பாலோர் கையில் கட்டாயம் இருக்க வேண்டிய கருவி. ஆனால் பெட்டியில் வந்தபடியே நம்பக் கூடாது, அளவு ஒன்றிரண்டு பிபிடி தவறலாம்.

ஒன்றிரண்டு பிபிடிக்கு ஏன் இவ்வளவு கவலை? தாய் இறால் முட்டையிடுவது கரையை விட்டுத் தள்ளி, உப்பும் வெப்பமும் அதிகம் மாறாத கடலில். நாப்ளி, சோயா, மைசிஸ் என்ற இளம் பருவங்களை அங்கேயே கடந்து, போஸ்ட் லார்வா (பிஎல்) ஆன பிறகுதான் குஞ்சு கழிமுகத்துக்குள் ஏறும். குஞ்சு பொரிக்க வைக்கும் ஹேச்சரித் தொட்டியில் 28–32 பிபிடி உப்பும் 28–31 டிகிரி வெப்பமும் வைப்பது அந்தக் கடலை அப்படியே கொடுக்கத்தான். உப்பு இறங்கினால் பொரிப்பு குறையும், சோயா சரியாகத் தீனி எடுக்காது, அடுத்த கட்டத்துக்கு மாறத் தாமதமாகும். வளர்ந்த வனாமி 0.5 முதல் 45 பிபிடி வரை தாங்கும். ஆனால் அதன் இரத்தம் சுமார் 25 பிபிடி நீருக்குச் சமம். குளத்து நீர் அதிலிருந்து விலக விலக, சதையாக வேண்டிய தீனி உடம்பின் உப்பைச் சரிக்கட்டவே போய்விடும்.

கடலும் ஒரே நிலையில் நிற்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே திரும்பி, கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய நன்னீர் கலந்த மேல்நீரைத் தமிழகக் கரைக்கு இழுத்து வரும். மரக்காணம் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லாத நாளிலும் ஹேச்சரிக்குள் வரும் நீரின் உப்பு இறங்குவது இதனால்தான். ஆகவே ஒவ்வொரு முறை நீர் ஏற்றும்போதும் அளக்க வேண்டும்.

கருவியின் பெரிய குறை இங்கேதான் தெரியும். விலை குறைந்த மாடல்கள் பலவற்றின் அளவுகோல் கடல்நீருக்கானதல்ல, சாதாரண உப்புக் கரைசலுக்கானது. 35 பிபிடி கடல்நீரை அவை 36.5 என்று காட்டும். டிஸ்டில்டு வாட்டரில் பூஜ்யம் சரியாக இருந்தாலும் இந்தப் பிழை மறையாது. சோதிக்க வழி உண்டு: ஆய்வகத் தரச் சோடியம் குளோரைடு 36.5 கிராம், டிஸ்டில்டு வாட்டர் 963.5 கிராம், இரண்டையும் எடை போட்டுக் கலக்கவும். குழாய்க்குள் தெரியும் நீலக்கோடு 35இல் நின்றால் கடல்நீர் அளவுகோல், 36.5இல் நின்றால் மற்றது. ஹேச்சரிக்கு என்றால் திருகைத் திருப்பி இந்தக் கரைசலிலேயே 35க்கு வைத்துவிடுவது நல்லது. கல்லுப்பில் ஈரமும் வேறு உப்புகளும் கலந்திருப்பதால் அது இதற்கு உதவாது.

ஏடிசி பெரும்பாலும் 10–30 டிகிரிக்குள்தான் வேலை செய்யும். பகல் வெயிலில் குளத்துக் கரையில் கிடந்த கருவி அதைத் தாண்டிச் சூடாகியிருக்கும். நிழலில் வைத்து, இரண்டு மூன்று சொட்டு விட்டு, குமிழி இல்லாமல் தகட்டை மூடி, அரை நிமிடம் கழித்துப் பார்க்கவும். பார்த்ததும் நல்ல நீரில் பட்டகத்தைக் கழுவி, மென்மையான துணியால் ஒற்றி எடுக்கவும். மணலோடு தேய்த்தால் கீறல் விழுந்து நீலக்கோடு மங்கும். குழாயடியில் பிடித்தோ வாளியில் முக்கியோ கழுவினால் உள்ளே நீர் புகுந்துவிடும், பிறகு கருவி தேறாது.

குஞ்சு விடும் நாளில் இதன் பயன் கண்கூடு. குஞ்சு வந்த பையில் 25, குளத்தில் 12 என்றால் மணிக்கு 1–2 பிபிடிக்கு மேல் இறக்காமல் பழக்க வேண்டும். பையிலும் குளத்திலும் ஒரே கருவியால் அளந்தால் வித்தியாசம் சரியாகக் கிடைக்கும். செவுள் முழுதாக வளராத, பிஎல் 10க்குக் குறைந்த (போஸ்ட் லார்வா ஆகிப் பத்து நாள் ஆகாத) குஞ்சைக் குறைந்த உப்பு நீருக்குக் கொண்டுபோகவே கூடாது.

போர்வெல் நீரில் 5 பிபிடிக்குக் கீழே வளர்ப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். ஒரு கோடு 1 பிபிடி. அங்கே ஒரு கோடு பிசகினாலே ஐந்தில் ஒரு பங்கு பிழை. நீர் மின்சாரம் கடத்துவதை வைத்து உப்பைச் சொல்லும் கண்டக்டிவிட்டி மீட்டர் வாங்குங்கள். அதுவும் பொட்டாசியத்தைக் காட்டாது. கடல்நீர் விகிதப்படி 1 பிபிடிக்கு லிட்டருக்கு 10.7 மில்லிகிராம், அதாவது 5 பிபிடி குளத்தில் லிட்டருக்கு 53 மில்லிகிராம் பொட்டாசியம் தேவை. போர்வெல் நீரில் இது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். உப்பு சரியாகத் தெரிந்தும் இறால் சட்டை (மேலோடு) கழற்றும்போது சாவது இதனாலும்தான். குஞ்சுக்கு முன்பணம் கொடுக்கும் முன் லேபில் நீரைக் கொடுத்துப் பொட்டாசியம், மக்னீசியம் இரண்டையும் பார்த்துவிடுங்கள்.