எங்க பெயிண்டர் அய்யா பேர்ல ஓவியக்கூடம், காரைக்குடி பக்கம் வந்தா கண்டிப்பா போங்க

காரைக்குடிக்குப் பக்கத்துல எங்க ஊர்ல, காலமெல்லாம் போர்டு எழுதின பெயிண்டர் அய்யா நினைவா ஒரு ஓவியக்கூடம் தொறந்திருக்காங்க. யார் வேணாலும் போய் உக்காந்து வரையலாம், காசு கிடையாது, பேப்பர் கலர் எல்லாம் அங்கேயே இருக்கு. தொறப்பு விழாவுக்குப் போனேன், இப்ப பசங்களையும் கூட்டிட்டுப் போய்ட்டிருக்கேன், அதனால கொஞ்சம் விவரமாவே எழுதுறேன்.

அய்யாவைத் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. இங்க மளிகைக்கடை, சைக்கிள் கடை, லாரி கதவுன்னு எதைப் பாத்தாலும் கீழ் மூலையில அவரு கையெழுத்து இருக்கும். சினிமா பேனரும் வரைவாரு, சின்ன போட்டோ மேல கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பெருசா தட்டியில போட்டு, ஒவ்வொரு கட்டமா முகத்தை ஏத்துவாரு, கிட்ட நின்னு பாத்தா வெறும் கலர் திட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னா எம்ஜிஆர் சிரிப்பாரு. எழுத்துக்கு சாக்பீஸ் தடவின நூலை இழுத்துப் பிடிச்சு சுண்டுவாரு, விழுந்த கோட்டுக்குள்ள எனாமல்ல ழகரம் சுழிச்சு வர்றதைப் பாக்கவே நாங்க ஸ்கூல் விட்டு நேரா அங்க ஓடுவோம். கோயில் குடமுழுக்கு வந்தா கோபுர சுதைக்கு வர்ணம் பூச சாரத்துல ஏறிடுவாரு. ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்தத் தொழிலே போச்சு. ஆனாலும் சாயங்காலம் திண்ணையில பசங்களுக்கு சொல்லிக்குடுக்கறதை மட்டும் அவரு விடவே இல்ல.

விழாவுல பேச்சு நீளம்தான், அதை விடுங்க. எனக்கு மனசு நெறஞ்சது எதுலன்னா, ஊர்ல ஒரு ஃப்ளெக்ஸ் கூட கட்டல, வாசல் போர்டை அவருகிட்ட படிச்சவரே தகரத்துல கையால எழுதியிருக்காரு, அய்யா வீட்டு ஆச்சிதான் குத்துவிளக்கு ஏத்துனாங்க.

இடம் ஒரு பழைய செட்டிநாட்டு வீடு, முகப்பும் முதல் கட்டு வளவும், அதாவது முற்றத்தைச் சுத்தியிருக்கற பகுதியும் மட்டும் குடுத்திருக்காங்க. நடு முற்றத்துல இருந்து வர்ற வெளிச்சம் இருக்கு பாருங்க, வரையறதுக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது. சுவரு பழைய சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு போட்டு தேச்ச பூச்சு, தொட்டா இன்னும் வழவழன்னு சில்லுன்னு இருக்கு, அதுல ஒரு ஆணி கூட அடிக்காம படங்களை மேல உத்தரத்துல இருந்து கயிறு கட்டித் தொங்க விட்டிருக்காங்க. தரை ஆத்தங்குடி கல்லு, அது சிமெண்ட்தானே, எனாமல் பட்டா கறை போகாதுன்னு எனாமல் வேலையெல்லாம் வெளியிலதான். யோசிச்சு செஞ்சிருக்காங்க.

அய்யாவோட மேஜை, பிரஷ், நூல்கண்டு எதையும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கல. பசங்க அதே மேஜையில எழுதிப் பழகுறாங்க. காரைக்குடியில கம்பனுக்கு மணிமண்டபம் இருக்கு, கண்ணதாசனுக்கு இருக்கு, பெருமைதான், ஆனா போர்டு எழுதுன ஒருத்தர் பேர்ல, அவரு வேலை இன்னும் நடக்குற மாதிரி ஒரு இடம் இருக்கறது எனக்கு அதைவிடப் பெருசா தெரியுது.

ஞாயித்துக்கிழமை வெளியில இருந்து ஆளுங்களைக் கூப்பிடுறாங்க. ஒரு வாரம் ஆத்தங்குடியில இருந்து ஒரு அண்ணன் வந்து கல்லு போட்டுக் காட்டினாரு, கண்ணாடி மேல அச்சை வச்சு, கலர் சிமெண்ட் கூழை சின்னக் கரண்டியால அறை அறையா ஊத்தி, அச்சை எடுத்துட்டு மேல காஞ்ச சிமெண்டு மணல், அதுக்கு மேல ஈரக் கலவை, அவ்வளவுதான், சூளையில சுடறதே இல்ல, தண்ணியில ஊறப்போட்டுக் காயவைக்கறதோட சரி, அந்தப் பளபளப்பு கண்ணாடியில இருந்து வர்றதுதானாம். என் பொண்ணு வாய் மூடாம பாத்துக்கிட்டிருந்தா. இன்னொரு வாரம் ஆச்சிமாருங்க வந்து பனையோலையில கொட்டான், அதான் சின்னக் கூடை, பின்னச் சொல்லிக்குடுத்தாங்க.

சரிபண்ண வேண்டியதும் இருக்கு. அய்யாவோட வாட்டர்கலர் படங்கள் மேக்கால பாத்த ஜன்னலுக்கு நேரா தொங்குது, மத்தியான வெயில் தினமும் பட்டா சிவப்பு, ரோஸ் எல்லாம் முதல்ல வெளுத்துடும், உடனே உள்பக்கம் மாத்தணும், இது ரொம்ப அவசரம். படத்துக்குக் கீழ எந்த வருஷம், எந்தக் கடைக்கு எழுதுனதுன்னு ஒரு சீட்டு கூட இல்ல, விவரம் தெரிஞ்ச பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வச்சுடணும். அஞ்சு மணிக்குப் பூட்டிடுறாங்க, ஸ்கூல் பசங்க எப்ப வருவாங்க? ஏழு மணி வரைக்காவது தொறந்து வைங்கன்னு நேர்லயே கேட்டிருக்கேன்.

காலையில போங்க, வெளிச்சம் அப்பதான் நல்லாயிருக்கும். வெளியூர்ல இருக்கற நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, உங்க வீட்டுலயோ கடைப் பரண்லயோ அய்யா எழுதுன பழைய தகர போர்டு கிடந்தா எடைக்குப் போட்டுடாதீங்க, துருப்பிடிச்சிருந்தாலும் பரவாயில்ல, இங்க கொண்டாந்து குடுங்க, வாங்கி வச்சுக்கறாங்க.